தேடுது

அந்த அக்கா கொண்டுவந்த பாலிதீன் பைக்குள் எல்லாக் காகிதமும் இருந்தது. ரேஷன் கார்டு, ஆதார் நகல், மரைன் போலீசில் கொடுத்த முதல் தகவல் அறிக்கை, மீனவர் அடையாள அட்டை, படகு கிளம்பிய அன்றைக்கு வாங்கிய டோக்கனின் ஜெராக்ஸ். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் மகனுடைய பள்ளி விண்ணப்பம். "இதுல அப்பா பேருக்கு முன்னாடி ஏதோ இங்கிலீஷ்ல போடணுமாம் டீச்சர். என்ன போடணும்?" என்று கேட்டார்.

'லேட்' என்று போடச் சொல்லியிருப்பார்கள். இறந்தவர் பெயருக்கு முன்னால் போடுகிற சொல். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில்கூடத் தமிழ் எழுத்திலேயே 'லேட்' என்று அடிக்கிறார்கள். அதை நூறு தடவையாவது எழுதியிருப்பேன், ஆனால் அன்றைக்குப் பேனா நின்றுவிட்டது. அவர் கணவர் கடலுக்குப் போய் அப்போது நாலு வருடம். உடம்பு கிடைக்கவில்லை. கூடப் போன மூன்று பேரில் ஒருவரை மட்டும் வேறு படகுக்காரர்கள் மிதவையோடு தூக்கி வந்தார்கள். இருட்டு, அலை, படகு கவிழ்ந்தது என்பதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியவில்லை.

சொல்லின் அர்த்தத்தை நான் மெதுவாக விளக்கினேன். அக்கா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "லேட்டுன்னா தாமதம்னுதானே டீச்சர்?" என்றார்.

"அந்த அர்த்தமும் இருக்குக்கா."

"அப்ப அதையே போடுங்க. அவுக வர்றதுக்குத் தாமதமாகுது."

போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்குப் பழைய சொல்லாக இல்லை.

பாம்பனில் நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நடத்துவது ஒரு பங்கு என்றால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது இன்னொரு பங்கு. தூதரகத்துக்கு மனு, கலெக்டருக்கு மனு, வங்கிக்கு விளக்கம், கோர்ட்டில் இருந்து வந்த தாளில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்வது. ராமேசுவரம், தங்கச்சிமடம், மண்டபம் என்று சுற்றிலும் இருந்து வருவார்கள். வருகிற காகிதம் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று போயிருக்கும். ஆள், படகு, வலை, வீடு. போனதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் குடும்பத்துக்கு வருவது வரும், வராதது வராது. இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்து இதை நான் உறுதியாகத் தெரிந்துகொண்டேன்.

பத்தாம் வகுப்பில் 'லூஸ்' என்ற வினைச்சொல்லை நடத்தும்போது பலகையில் நாலு வாக்கியம் எழுதுவேன். ஐ லாஸ்ட் மை கீ. ஐ லாஸ்ட் த மேட்ச். ஐ லாஸ்ட் மை வே. ஐ லாஸ்ட் மை மதர். நாலிலும் ஒரே வினை. தமிழில் சொல்லுங்கள் என்றால் பிள்ளைகள் கடகடவென்று சொல்வார்கள்: சாவி தொலைஞ்சிருச்சு, மேட்ச்ல தோத்துட்டோம், வழி தவறிட்டேன். நாலாவது வாக்கியத்துக்கு வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். பிறகு யாராவது ஒரு பெண் பிள்ளை, "அம்மா தவறிட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லும்.

வழி தவறியதற்கும் அம்மா தவறியதற்கும் ஒரே வினை என்பதை முதலில் எனக்குக் காட்டியதே அப்படி ஒரு பிள்ளைதான். இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். ஆங்கிலத்தில் நாலு வாக்கியத்துக்கும் எழுவாய் 'நான்'. தமிழில் சாவி அதுவாகத் தொலைகிறது, அம்மா அவராகத் தவறுகிறார். 'அம்மாவை இழந்தேன்' என்று எழுத்தில் எழுதுவோம், வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பேச்சுத் தமிழில் சாவின் எழுவாய் செத்தவர்தான். ஆங்கிலம் இருப்பவரை எழுவாயாக்கி, அவர் கையில் இருந்து ஒன்று போனதாகச் சொல்கிறது.

இது ஏதோ இலக்கணக் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன், என் அப்பா இறக்கும் வரைக்கும். அப்பா இறந்த அன்று கூட வேலை பார்ப்பவர்கள் பலர் வாட்ஸாப்பில் 'சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று அனுப்பினார்கள். அந்த 'யுவர்' எனக்கு இதமாகவே இருந்தது. இது உன்னுடையது, நான் பங்கு கேட்கவில்லை, தள்ளி நின்று தலை குனிகிறேன் என்கிற மரியாதை அதில் இருக்கிறது. ஆனால் என்னைத் தேற்றியது அது இல்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்போம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் கேட்டார்கள். எப்ப தவறுனாரு? ராத்திரி சாப்பிட்டாரா? யாரு பக்கத்துல இருந்தா? கடைசியா என்ன சொன்னாரு? ஒரே பதிலை முதல் நாள் நாற்பது தடவை சொல்லியிருப்பேன். மூன்றாம் நாள் சொல்லும்போது என் குரல் உடையவில்லை. கேட்டுக் கேட்டே என்னைக் கரையேற்றிவிட்டார்கள்.

அந்த அக்கா வீட்டுக்குக் கேதம் கேட்க யாரும் போகவில்லை. எப்படிப் போவார்கள்? கேட்டால் செத்துவிட்டார் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். முதல் பத்து நாள் கூட்டம் இருந்தது, தேடப் போன படகுகள் திரும்புகிற வரைக்கும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஆட்கள் அவர் வாசலைக் கடக்கும்போது நடையை எட்டிப் போட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, என்ன கேட்பது என்று தெரியவில்லை. இப்படி ஊர் சேர்ந்து அழ இடம் கொடுக்காத துக்கத்துக்கு அமெரிக்காவில் கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989இல் 'டிஸ்என்ஃப்ரான்சைஸ்ட் கிரீஃப்' என்று பெயர் வைத்தார். ஓட்டுரிமை பறிபோனவரைக் குறிக்கிற சொல்லை எடுத்துத் துக்கத்துக்கு வைத்திருக்கிறார். துக்கப்படுவதற்கும் ஓர் உரிமை உண்டு, அதை ஊர்தான் தர வேண்டும் என்கிறது அந்தச் சொல். நம் ஊரில் அந்த உரிமையைத் தருவது கேதம் கேட்க வருகிற கால்கள்தான்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். ஆள் காணாமல் போனால் காவல் நிலையத்தில் 'மேன் மிஸ்ஸிங்' என்று வழக்குப் பதிவாகும். அதற்குப் பிறகு ஏழு வருடம். 1872ஆம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் இருக்கிற கணக்கு அது. அதற்குப் பதிலாக 2023இல் கொண்டுவந்த புதிய சட்டத்திலும் ஏழு வருடம் மாறவில்லை. அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1666இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் உயிரோடு இருக்கும் வரை செல்லும் என்று எழுதிய குத்தகைகள் அங்கே உண்டு. அந்த ஆள் கடல் கடந்து போய்விட்டால் இருக்கிறாரா இல்லையா என்று நிலச்சொந்தக்காரருக்கு எப்படித் தெரியும்? ஏழு வருடம் தகவல் இல்லை என்றால் இயற்கையாக இறந்தவராகவே கொள்ளலாம் என்று எழுதினார்கள். அதற்கு முன்பே, 1603ஆம் வருட இருதாரத் தடைச் சட்டத்திலும் கடல் கடந்து ஏழு வருடம் இருந்தவரின் துணைக்கு விலக்கு இருந்தது. ஆக, எங்கள் பாம்பன் அக்கா எண்ணுகிற ஏழு வருடம் யாரோ ஒரு பண்ணையாரின் நிலத்துக்காக, கடலுக்குப் போனவர்களை வைத்தே போட்ட கணக்கு.

இந்த ஏழு வருடத்தில் அந்த அக்கா யார்? ஓய்வூதிய விண்ணப்பத்தில் ஒரு கட்டம் விதவைக்கு, ஒரு கட்டம் கணவனால் கைவிடப்பட்டவருக்கு. விதவை என்று போட இறப்புச் சான்று வேண்டும். கைவிடப்பட்டவர் என்று போடலாமா என்று ஒருவர் நல்லெண்ணத்தில் யோசனை சொன்னார். அக்காவுக்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அவுக என்னையக் கைவிடல. போகும்போது சோத்துச் சட்டிய நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார். ஓர் அலுவலகத்தில், புருசனுக்காக மனு கொடுக்க வந்தவள் பொட்டு வைத்திருக்கிறாயே என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் பெயரும் இடமும் எனக்கு முக்கியமில்லை. அவர் கையில் இருந்த தாளில் இரண்டே கட்டம்தான் இருந்தது.

2017 கடைசியில் ஓகி புயல் வந்து குமரி மாவட்டத்து மீனவர்கள் அத்தனை பேர் திரும்பாமல் போனபோது, அந்தக் குடும்பங்களை ஏழு வருடம் காக்க வைக்காமல் அரசு நிவாரணம் கொடுத்தது. ஆகவே மனது வைத்தால் முடியும். நூறு பேர் ஒரே நாளில் போனால்தான் மனது வைப்பார்களா, மூன்று பேர் போனால் கிடையாதா என்பதுதான் என் ஆற்றாமை.

பவுலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப நல ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்து, 'ஆம்பிகுவஸ் லாஸ்' என்ற பெயரை உருவாக்கினார். முடிவு தெரியாத இழப்பு என்று அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். அதில் இரண்டு வகை. ஆள் இல்லை, ஆனால் மனசுக்குள் இருந்துகொண்டே இருக்கிறார் என்பது ஒன்று. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் மனசு எங்கேயோ போய்விட்டது என்பது மற்றது. இரண்டாவது வகையை என் அம்மாச்சியிடம் பார்த்தேன்.

அம்மாச்சி பிறந்தது தனுஷ்கோடியில். கல்யாணமாகிப் பாம்பனுக்கு வந்ததால் பிழைத்தார். அவருடைய அக்கா குடும்பம் அங்கேயே இருந்தது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனில் இருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அம்மாச்சியின் அக்கா, மச்சான், பிள்ளைகள் யாருடைய உடம்பும் கிடைக்கவில்லை. அதைப் பற்றிப் பேசும்போது அம்மாச்சி 'செத்தாக' என்று சொன்னதே கிடையாது. "கடல் எடுத்துக்கிருச்சு" என்பார். எடுத்தது யார் என்று தெரியும், எங்கே வைத்திருக்கிறது என்றும் தெரியும், திருப்பித் தராது என்றும் தெரியும். கடைசி இரண்டு வருடம் நினைவு கலங்கி, சாயங்காலம் ஆனால் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "வண்டி வந்துருச்சா?" என்று கேட்பார். தனுஷ்கோடி வண்டி. இத்தனை வருடம் ஆகியும் அந்தத் தண்டவாளம் திரும்பப் போடப்படவே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வந்துரும் அம்மாச்சி என்போம்.

பருவநிலை மாநாடுகளில் இப்போது 'லாஸ் அண்ட் டேமேஜ்' என்று பேசுகிறார்கள். அதற்கென்று ஒரு நிதி வேண்டும் என்று 2022இல் எகிப்தில் ஒப்புக்கொண்டார்கள். டேமேஜ் என்றால் சரிசெய்யக்கூடிய சேதம், லாஸ் என்றால் போனது போனதுதான் என்று அங்கே பிரித்துச் சொல்வதுண்டு. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அதே புயல் உடைத்தது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் அதைச் சரிசெய்தார்கள். பாலம் டேமேஜ். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர், வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த ஊர், அது லாஸ். ஒரே ராத்திரி, ஒரே காற்று.

மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று பாடப்புத்தகத்தில் நடத்துகிறோம். அதில் கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டித் தீவு இப்போது தண்ணீருக்கு அடியில். பல காலம் பவளக்கல்லை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு, இடம் மட்டும் கண்ணெதிரே மாறிப்போவதால் வருகிற ஏக்கத்துக்கு ஆஸ்திரேலியாவில் கிளென் ஆல்பிரெக்ட் என்பவர் 'சோலஸ்டால்ஜியா' என்று ஒரு சொல் செய்தார், நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய ஊர்க்காரர்களைப் பார்த்து. கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். அவர்களில் ஒரு பெரியம்மா, "இதுக்கு எதுக்குத்தா பேரு? காலு வைக்கிற எடம் தெரியாமப் போச்சு, அம்புட்டுத்தான்" என்றார். சிறு வயதில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கால் வைத்த பாறைகள் அவருக்கு இப்போது அடையாளம் தெரியவில்லை.

தங்கச்சிமடத்தில் எனக்கு அண்ணன் முறையாகும் ஒரு விசைப்படகுக்காரர் இருக்கிறார். அவர் படகை இலங்கைக் கடற்படை பிடித்தது. ஆட்கள் சில வாரத்தில் விடுதலையாகி வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. போனில் ஒரு படம் வைத்திருக்கிறார். மயிலிட்டித் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் படகுகளில் ஒன்று, ஒரு பக்கம் சாய்ந்து, பாதித் தண்ணீரில். விரலால் படத்தைப் பெரிதாக்கி, "பேரு தெரியுது பாரு தங்கச்சி. நம்ம போட்டுத்தான்" என்றார். கடன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். "இருக்கு, ஆனா இல்ல. இதுக்கு இங்கிலீஷ்ல என்ன எழுதுவ?" என்று கேட்டார்.

ஆங்கிலக் கப்பல் காப்பீட்டுச் சட்டத்தில் இதற்குச் சொல் இருக்கிறது. இங்கிலாந்தில் 1906இல் வந்ததை ஒட்டி நம் நாட்டில் 1963இல் வந்த சட்டம் அது. கப்பல் அழிந்தேபோனால் 'ஆக்சுவல் டோட்டல் லாஸ்'. கப்பல் இருக்கிறது, ஆனால் சொந்தக்காரர் கையில் இல்லை, கைக்கு வருகிற வழியும் தெரியவில்லை என்றால் 'கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்'. கப்பலே காணாமல் போய், நியாயமான காலத்துக்குச் செய்தி இல்லை என்றால் முழு இழப்பு என்றே கொள்ளலாம் என்றும் அதில் உண்டு. கப்பலுக்கு நியாயமான காலம், ஆளுக்கு ஏழு வருடம். அண்ணனுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, அதனால் அந்தச் சட்டம் அவருக்கு ஒரு பைசா தராது. இருந்தாலும் 'கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்' என்ற மூன்று சொல்லையும் ஒரு டீசல் பில்லின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் கதைக்கு யாரோ எப்போதோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது போலும்.

ஆங்கிலத்தில் சொல் நிறைய இருக்கிறது, தமிழில் இல்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 'பிரீவ்ட்' என்ற சொல்லின் பழைய பொருள் கொள்ளை கொடுத்தவர். நாம் 'பறிகொடுத்தவர்' என்கிறோம். கடல் வேறு, கரை வேறு, கண்ட உண்மை ஒன்று. நம் முன்னோர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது கடற்கரையான நெய்தலுக்கு உரிய உணர்வு என்று வைத்தது இரங்கலைத்தான். வராதவரை நினைத்து மணலில் உட்கார்ந்து ஏங்குவதுதான் அன்றைக்கு இரங்கல். இன்றைக்கு இரங்கல் என்றால் செத்தவருக்கு விடுகிற செய்தி. ஏங்குகிறவளுக்கு இருந்த சொல்லை எடுத்து, முடிந்துபோனதற்குக் கொடுத்துவிட்டோம். அந்த அக்காவுக்கு ஒரு கட்டம் இல்லாமல் போனதில் நமக்கும் பங்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

'மிஸ்' என்ற சொல்லை மட்டும் எங்கள் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மிஸ் பண்றேன் என்கிறார்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. விடுதியில் சேர்த்த பிள்ளையிடம் "அம்மாவத் தேடுதா?" என்று கேட்போம். எனக்கு உன்னையத் தேடுது என்போம். இதில் தேடுகிற ஆள் யாரும் இல்லை. எனக்குள் இருந்து அதுவாகத் தேடுகிறது. ஆங்கிலத்திலும் பாருங்கள், காவல் நிலையத்தில் 'மிஸ்ஸிங்', வீட்டில் 'மிஸ்ஸிங் ஹிம்'. இங்கே கடலில் தேடுகிறார்கள், வீட்டில் தேடுது. ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத இரண்டு மொழிகள் இந்த ஓர் இடத்தில் வந்து சேர்ந்து நிற்கின்றன.

போன வருடம் ஏழு வருடம் முடிந்தது. அக்கா கோர்ட்டுக்குப் போட வேண்டிய தாளோடு வந்தார். வக்கீல் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்திருந்தார். மகன் இப்போது கல்லூரிக்குப் போக வேண்டும், வாரிசுச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சட்டத்தின் அந்த வாக்கியம் வந்தது. உயிரோடு இருந்திருந்தால் யாருக்கு இயல்பாகத் தகவல் வந்திருக்குமோ, அவர்கள் ஏழு வருடமாக எதுவும் கேள்விப்படவில்லை. அப்படி இருக்கும்போது, அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

"திரும்பப் படிங்க டீச்சர்" என்றார். படித்தேன்.

"இயல்பாத் தகவல் வரணும்னா, அது எனக்குத்தான வரணும்?"

"ஆமாக்கா. முதல்ல உங்களுக்குத்தான்."

"அதுல அப்படியே போட்டிருக்கா?"

அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். படிக்கத் தெரியாத எழுத்துதான், ஆனாலும் குனிந்து வெகு நேரம் பார்த்தார். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடுமுன், "இதப் போட்டாலும், வந்தா வரலாம்ல?" என்று கேட்டார்.

வரலாம்க்கா என்றேன்.